ஓடுதளத்துக்குக் கிழக்கே நின்ற புகை

செங்கமடைக்கு மேலே ஆகாயத்தில் ஒரு கூரை உண்டு. அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் ஊரில் எதுவும் அதைத் தாண்டி வளரக் கூடாது என்பது பால்குடி மறந்த பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஓடுதளம் முடிகிற இடத்தில், கம்பிவேலிக்கு வெளியே முழங்கால் உயரத்தில் தொடங்கி, கிழக்கே போகப் போக மெல்ல ஏறி, கருவேலங்காட்டுக்கு மேலே ஓர் ஆள் உயரம், மயானத்துக்கு மேலே ஒரு பனை உயரம் என்று சாய்ந்து சாய்ந்து உயர்ந்து, கடல் தெரிகிற தூரத்தில் அந்தக் கூரை மேகத்தோடு சேர்ந்துகொள்ளும். விமானம் அதன் மேல் சறுக்கிக்கொண்டுதான் இறங்குகிறது என்றும், கூரைக்குக் கீழே உள்ளதெல்லாம் ஊருக்கு, மேலே உள்ளதெல்லாம் விமானத்துக்கு என்றும் அதிகாரிகள் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்கு முன்பு அந்த ஓடுதளத்தில் மிளகாய்தான் காய்ந்தது. யுத்த காலத்தில் போட்டுவிட்டு மறந்துபோன ஓடுதளம் அது. தை பிறந்தால் நீளத்துக்கும் மிளகாய் பரப்பி, ஊரே தும்மிக்கொண்டு கிடக்கும். விமானம் வந்த பிறகு மிளகாய் மாடிகளுக்கும் சாலை ஓரத்துக்கும் போயிற்று. காலையில் ஒரே ஒரு விமானம், காற்றாடி வைத்த சின்ன விமானம், கிழக்கிலிருந்து வந்து இறங்கிக் கொஞ்ச நேரம் நின்று திரும்பிப் போகும். அந்த ஒன்றுக்காக மாரியம்மன் கோயில் கொடிமரம் ஒரு முழம் குறைந்தது. தண்ணீர்த் தொட்டி தெற்கே மாறிப் போனது. மாடி எடுக்க ஆசைப்பட்டவர்கள் கம்பிகளை வானத்தைப் பார்க்க விட்டுவிட்டு ஆசையை மடித்து வைத்துக்கொண்டார்கள். அம்மனும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மரங்களின் முறை வந்தது. ஒருநாள் ஊர் எழுந்து பார்த்தபோது கண்மாய்க்கரைப் பனைகள் இடுப்பில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு நின்றன. சிவப்பு பூசின மரமெல்லாம் தவசிக்கு.

தவசி பஞ்சவர்ணத்தின் ஒரே பிள்ளை. தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட, மிளகாய் மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் காம்பு கிள்ளி அவனை வளர்த்தாள். காம்பு கிள்ளுகிற கைக்கு ஒரு சாபம் உண்டு, அழுதால் கண்ணைத் துடைக்க முடியாது; அந்தக் கிட்டங்கிப் பெண்கள் எல்லாருமே முழங்கையை மடக்கிப் புறங்கையால்தான் துடைத்துக்கொள்வார்கள், பார்க்கிறவர்களுக்கு ஏதோ கும்பிடு போடுகிற மாதிரி இருக்கும். தவசி பனையேறியானான். ஏறிப் பதநீர் இறக்கின காலம் முடிந்து, ஏறிக் கொண்டையை வெட்டுகிற காலம் வந்தபோது விமான நிலைய ஒப்பந்தக்காரர் அவனைத்தான் கூப்பிட்டார். காலில் தளைநாரை மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி ஏறி, பனையின் தலையை இறக்கிவிட்டு அவன் கீழே வரும்போது மரம் வெறும் கம்பமாக நிற்கும். எம்மரத்தை விட்டுருப்பா என்று கெஞ்சினவர்களிடம் அவன் வானத்தைக் காட்டுவான். மார்கழியில் ஒருநாள், பனி இறங்கின மரத்தில், தளைநார் வழுக்கி அவன் விழுந்தான். மரத்தின் கொண்டையும் அவனும் ஒரே நேரத்தில் தரைக்கு வந்தார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

செங்கமடையில் சாவும் விமானத்துக்கு வழிவிடப் பழகியிருந்தது. மயானம் அதன் பாதைக்கு நேர் கீழே இருந்ததால், விமானம் வந்து திரும்பிப் போன பிறகுதான் சிதைக்குத் தீ வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஆகவே மறுநாள் தவசியும் காத்திருந்தான். விமானம் போயிற்று, பாடைத் தேரும் மயானத்துக்குப் போயிற்று. போன பிறகுதான் கொள்ளி வைக்க ஆள் இல்லை என்பது உறைத்தது. பங்காளி வீட்டு ஆண்கள் எல்லாரும் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்கள். மாலை போட்டவர் சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. இருந்த ஒருவரும் முடியாமல் படுக்கையில் கிடந்தார். அப்போது பெண்கள் நின்றுவிடுகிற முச்சந்தியிலிருந்து பஞ்சவர்ணம் தனியாக நடந்து வந்தாள்.

மயான வேலை பார்க்கிற சடையாண்டிக்கு எழுபது வயதிருக்கும். அவர் கூட வந்த ஊர் ஆண்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

“பெத்தவ வைக்கக் கூடாதுன்னு எவனாச்சும் சொல்றதா இருந்தா அவனே வந்து வைக்கட்டும்,” என்றாள் பஞ்சவர்ணம்.

“வா தாயி,” என்றார் சடையாண்டி. “வைக்கிறது கஷ்டமில்ல. முதுகைக் காட்டி நின்னு, பின்கையா வச்சுட்டு, நடந்துரணும். திரும்பிப் பாக்கக் கூடாது. ஊரு எல்லைக்குப் போற வரைக்கும் பாக்கக் கூடாது. ஆம்பளைக அதுக்குத்தான் பேசிக்கிட்டே போவாக.”

அவள் தலையாட்டினாள். முதுகைக் காட்டி நின்றாள், பின்கையாக வைத்தாள், நடந்தாள். முதுகுப் பக்கம் விறகு வெடித்தது. சின்ன வயதில் தவசிக்கு வெந்நீர் கொஞ்சம் கூடக் காய்ந்திருக்கக் கூடாது. ஒரு செம்பு ஊற்றியதுமே சுடுது சுடுது என்று தெருவே கேட்கக் கத்துவான், அவள் விளாவி விளாவி, தன் முழங்கையை நனைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் ஊற்றுவாள். அந்த நினைப்பு வந்தபோது அவள் மயானத்து வாசலுக்குக்கூட வரவில்லை. பிள்ளைக்குச் சுடுகிறதா என்று பார்க்கத் திரும்பினாள்.

மறுநாள் பால் தெளிக்க வந்தவர்கள், புகை நிற்பதைப் பார்த்தார்கள். அடியில் நெருப்பில்லை, சாம்பல் ஆறிக் கிடந்தது, சடையாண்டி கையைவிட்டுத் துழாவிப் பார்த்தார். ஆனால் புகை, ஒரு பெரிய பனையின் பருமனில், வெள்ளையாக, நேராக, காற்றுக்கு அசையாமல் தரையிலிருந்து எழுந்து வானத்துக்குள் நின்றது. கிட்டப் போனால் இளஞ்சூடாக இருந்தது, பதநீர் காய்ச்சுகிற வாடையும் வேர்வை வாடையும் அடித்தது. எலும்பைப் பொறுக்கிக் கலயத்தில் போட்டு, பாலைத் தெளித்து, செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். புகை நின்றது. கடலில் கலயத்தைக் கரைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். நின்றது.

“பெத்தவ திரும்பிப் பாத்தா புள்ள எப்படிப் போவான்,” என்றாள் ராக்கம்மா. பஞ்சவர்ணத்தின் செத்துப்போன அண்ணனுடைய மனைவி அவள், தவசிக்கு அத்தை, வாயில் எதுவும் தங்காது. “அவன் எப்பவும் அப்படித்தான். கூப்புட்டா நின்னுருவான்.”

ஊருக்கு இது போதுமான விளக்கமாக இருந்தது.

அன்று பனிமூட்டத்தில் விமானம் வரவில்லை; அடுத்த நாள் காலை வந்தது. கிழக்கே வட்டமடித்தது, இன்னொரு வட்டம் அடித்தது, பிறகு சுற்றிக்கொண்டு போய் மேற்கிலிருந்து இறங்கிற்று. கோபுரமா கம்பமா என்று தெரியவில்லை, ஆனால் வெள்ளையாக யாரோ நிற்கிறார் என்று விமானி சொன்னாராம். அன்று மதியமே விமான நிலைய மேலாளர் செல்வின் அளக்கிற கருவியோடு வந்தார். நாகர்கோவில்காரர், அளந்து பேசுகிறவர், மயானத்துக்குள் வருகிறோம் என்பதால் ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்தார். அளந்து பார்த்தார்கள். புகை கூரையைத் துளைத்துக்கொண்டு ரொம்ப தூரம் மேலே போயிருந்தது. மேலிடத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது, தடையாக நிற்பது கட்டடமா, மரமா, கோபுரமா என்று கேட்டார்கள்.

“ஆளு சார்,” என்றார் செல்வின்.

“ஆளா?”

“இருந்த ஆளு.”

தீயணைப்பு வண்டியைக் கொண்டுவந்து தண்ணீர் பீய்ச்சினார்கள். புகை நனைந்தது, பிறகு காய்ந்தது. வயலுக்கு மருந்தடிக்கிற விசைத்தெளிப்பானை வைத்து ஊதினார்கள்; ஊதினவர்கள் இருமினார்கள். பஞ்சவர்ணம் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள், குளிப்பாட்டத் தெரியாதவர்கள் கையில் பிள்ளையைக் கொடுத்த மாதிரி அவளுக்கு இருந்தது. கடைசியில் செல்வின் அவளிடம் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“அம்மா, கூரைக்கு மேல எது நின்னாலும் செவப்பு விளக்குப் போடணும். அது சட்டம். இதுல எங்கன்னு கட்டுறது?”

பஞ்சவர்ணம் அந்த விளக்கை வாங்கிக்கொண்டாள். பலாக்காய் அளவுக்கு இருந்தது, உள்ளே பேட்டரி வைத்தது. புகையின் கிட்டப் போய், “தவசி, புடிச்சுக்கப்பா,” என்றாள். விளக்கு அவள் கையை விட்டுப் புகைக்குள் போய், ஒரு பனையேறி ஏறுகிற நிதானத்தில், நின்று நின்று மேலே ஏறி, உச்சிக்குப் போய்த் தங்கியது. அடுத்த நாள் விமானம் தயங்கித் தயங்கிக் கிழக்கிலிருந்தே வந்தது. அது கண்மாய்க்கு மேலே வரும்போது புகை இடுப்பை வளைத்து, தாழ்ந்த நிலைப்படிக்குக் கீழே குனிகிறவனைப் போலத் தெற்கே குனிந்து வழிவிட்டது. விமானம் போனதும் நிமிர்ந்துகொண்டது.

“வண்டி வந்தா மொத ஆளா ஒதுங்குறவன்தானே,” என்றது ஊர். மேலிடம் தற்காலிகமாக அனுமதி கொடுத்தது.

அதற்குப் பிறகு அந்தப் புகை ஊரில் இன்னொரு ஆளாகிவிட்டது. பஸ் கண்டக்டர்கள், தவசி புகையெல்லாம் எறங்கு என்று கூவினார்கள். கடலுக்குப் போன வள்ளக்காரர்கள் பகலில் அந்த வெள்ளைத் தூணையும் இருட்டில் அந்தச் சிவப்புப் பொட்டையும் பார்த்துக் கரை பிடித்தார்கள். சளி கட்டின பிள்ளைகளைக் கொண்டுவந்து தெற்குப் பக்கம், சூடு கூடின பக்கம், முதுகு பட உட்கார வைத்தார்கள். அந்த மாசியில் பருவம் தப்பி மழை பெய்து மிளகாயெல்லாம் ஊறினபோது, புகையைச் சுற்றின தரை மட்டும் சட்டியடி மாதிரி காய்ந்து கிடந்தது. மயானத்தில் பரப்புவதா என்று கிட்டங்கிப் பெண்கள் ஒருநாள் முழுக்க முனகிவிட்டு, காரத்துக்கு ஏதுடி தீட்டு என்று மறுநாள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாதிச் சிவப்பும் பாதிச் சாம்பலுமாகக் கிடந்த அந்த மயானத்தைப் பார்க்க அழகாகக்கூட இருந்தது.

பெண்கள் அப்படித்தான் மயானத்துக்குள் வந்தார்கள். முச்சந்தியிலேயே நிறுத்தி வைக்கப்பட்டவர்கள், வாசலில் மயங்கி விழுந்து அங்கேயே விடப்பட்டவர்கள், தங்கள் ஆட்கள் எந்த மண்ணில் வெந்தார்கள் என்று கடைசிவரை யாரும் காட்டாமல் போனவர்கள், மிளகாய்க் கூடையை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு உள்ளே வந்து, சடையாண்டியை ஓரமாகக் கூப்பிட்டு, எந்த இடம் என்று கேட்டார்கள். அவருக்கு எல்லா இடமும் ஞாபகம் இருந்தது. ராக்கம்மாவுக்கு, அவள் புருசன் வெந்த இடமென்று, நெருஞ்சி படர்ந்த ஒரு மூலையைக் காட்டினார். அவள் அந்த நெருஞ்சியையெல்லாம் கையால் பிடுங்கிப் போட்டுவிட்டு, வெறுந்தரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

“இம்புட்டுப் பக்கத்துலயா இருந்திருக்காரு,” என்றாள். “நான் என்னமோ காடு மலைக்கு அங்கிட்டுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்.” பிறகு பஞ்சவர்ணத்தைப் பார்த்து, “ஒனக்கு நிக்கிறான், கொடுத்து வச்சவ. ஒங்கண்ணன் உசுரோட இருக்கயிலயே கூப்புட்டா நிக்க மாட்டாரு,” என்றாள்.

“நீங்க கூப்புட்ட கூப்பு அப்படி, மதினி.”

“ஆமா, நீ மட்டும் தாலாட்டுப் பாடிக்கிட்டா கூப்புட்ட.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் இருவரும் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பஞ்சவர்ணம் காலையும் மாலையும் வந்தாள். சோறு கொண்டுவந்தாள், அது புகைக்கு வேண்டியதில்லை என்று தெரியும், ஆனாலும் அவன் சாப்பிடாமல் தான் சாப்பிட்டுப் பழக்கமில்லை. ஊர்க்கதையெல்லாம் சொன்னாள்: அவனுக்குப் பார்த்துவிட்டு வந்த பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமானதை, ஆடு குட்டி போட்டதை, கொண்டை வெட்டின பனைகளில் கிளி பொந்து வைத்ததை. சில நேரம் சும்மா அதன் மேல் சாய்ந்துகொள்வாள், அது அவள் கனத்தைத் தாங்கும். போகும்போது, “போயிட்டு வாரேம்ப்பா,” என்பாள். உயிரோடிருந்தபோது இத்தனை நேரம் அவன் அவளோடு இருந்ததில்லை. இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவிடுவான். அந்தக் கோடையில் தன்னைவிட நிம்மதியாக இருந்தவள் ஊரில் இல்லை என்று பஞ்சவர்ணம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக ஒருநாள் பயந்தும் போனாள்.

ஆடி வந்தது. ஆடிக்காற்று மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்து, கருவேல மரங்களையெல்லாம் ஒரே பக்கமாகச் சீவிவிட்டது. அசையாமல் நின்ற புகை அப்போதும் அசையாமல்தான் நின்றது, ஆனால் நிற்பதற்குச் சிரமப்படுகிறது என்பது பெற்றவளுக்குத் தெரிந்தது. விமானம் வரும்போது குனிந்தது, ஆனால் கொஞ்சம் பிந்திக் குனிந்தது. நிமிர்ந்தது, ஆனால் நிமிர்ந்து முடிக்க மத்தியானமாயிற்று. ஒருநாள் காலையில், காற்று உரத்து வீசிக்கொண்டிருந்தபோது, அது முழுசாகக் குனிவதற்குள் விமானம் வந்துவிட்டது. கண்மாய்க்கரையில் நின்றவர்கள், றெக்கை புகைக்குள் போய் வெளியே வருவதைப் பார்த்தார்கள். விளக்கு கழன்று வயலில் விழுந்தது. விமானம் ஒரு பக்கம் கரி பூசிக்கொண்டு பத்திரமாக இறங்கிவிட்டது.

செல்வின் அன்று வந்து பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

“ஓடுதளத்தை அங்கிட்டுத் திருப்பிப் போட முடியாதா தம்பி?”

“முடியாதும்மா. காத்து எந்தப் பக்கமா அடிக்குதோ அதைப் பாத்துத்தான் போட்டிருக்காங்க.”

“மேலிடத்துல விமானத்த நிப்பாட்டச் சொல்றாகளா?”

“சொல்றாங்க. அது கெடக்கு, அதை நான் பேச வரல,” என்றார் செல்வின். “விமானி ஒண்ணு சொன்னாரும்மா. றெக்க பட்டதும், ரெண்டு கையாலயும் கீழே ஏந்தி, மெதுவா அந்தப் பக்கம் எடுத்து விட்ட மாதிரி இருந்துச்சாம். உள்ள இருந்தவங்களுக்குத் தூக்கம்கூடக் கலையலயாம். அவரு இத்தன வருசம் ஓட்டுறாரு, விமானத்தோட கனம் அவருக்குத் தெரியும். அந்தக் கனத்தைத் தாங்குன ஆளுக்கு என்ன ஆச்சுன்னு போய்ப் பாருங்கன்னு சொன்னாரு. அதான் வந்தேன்.”

பஞ்சவர்ணம் எழுந்து போய்ப் பார்த்தாள். புகை நிமிரவில்லை. இடுப்புக்கு மேலே மடங்கி, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்கிற கிழவனைப் போல, ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. கயிற்றுப் பட்டை அழுத்தி அழுத்திப் பனையேறிகளுக்கு எந்த இடத்தில் வலி வருமோ அந்த இடத்தில், வெள்ளைக்குள் ஒரு கன்றிப்போன நிறம் ஓடியிருந்தது. உயிரோடு இருந்தபோது அவன் அந்த வலியை ஒருநாளும் சொன்னதில்லை. ராத்திரியில் அவன் புரண்டு படுக்கும்போது வருகிற மூச்சிலிருந்துதான் அவள் தெரிந்துகொள்வாள்.

“வலிக்குதாப்பா?” என்றாள்.

கேட்டதும் புகை அவளுக்காக நிமிரப் பார்த்தது. கொஞ்சம் நிமிர்ந்தது. பிறகு முடியாமல், பழையபடி சரிந்துகொண்டது.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டால் நிற்கிற பிள்ளை, அவன் போகவில்லை என்று அவள் சந்தோஷப்பட்டுக்கொண்டு, சோறு கொண்டுவந்துகொண்டு, கதை சொல்லிக்கொண்டு இருந்த இத்தனை காலமும், போகலாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று நின்றுகொண்டிருந்திருக்கிறான்.

சடையாண்டி மண்வெட்டியைச் சாத்திவிட்டு வந்தார்.

“மறுபடி கொள்ளி வைக்கணுமா?” என்று கேட்டாள்.

“கொள்ளி ஒருதரந்தான் தாயி. அது நீ வச்சுட்ட. நடக்கிறதுதான் பாக்கி. அன்னைக்கு நீ நடந்து முடிக்கல.”

“என்னால முடியலன்னா?”

“முடியலன்னா அவன் நிப்பான்,” என்றார் சடையாண்டி. “நிக்கச் சொன்னா எம்புட்டு நாளைக்கும் நிப்பான். அவன் கொணம் ஒனக்குத் தெரியாதா.”

அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை என்று சிலரும், போய் அவனுடைய சட்டைகளையெல்லாம் எடுத்துத் துவைத்தாள் என்று சிலரும் சொல்கிறார்கள். இரண்டில் எது நடந்திருந்தாலும், விடிந்தபோது அவள் கண்மாயில் தலை முழுகி, ஈரச்சேலையோடு மயானத்துக்குள் வந்து நின்றாள். சேதி எப்படிப் போயிற்றோ, ஊர் முழுக்க முச்சந்தியில் வந்து நின்றது. கிட்டங்கிப் பெண்கள் நின்றார்கள், மார்கழியில் மாலை போட்டிருந்த பங்காளிகள் நின்றார்கள், பஸ் நின்றது, செல்வின் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

பஞ்சவர்ணம் புகைக்கு முதுகைக் காட்டி நின்றாள். சரிந்து நின்றதால் அது அவள் தலைக்கு மேலே கவிந்திருந்தது. அதன் சூடு ஈரச்சேலையில் பட்டு ஆவி பறந்தது. செங்கமடையில் யாரும் போறேன் என்று சொல்ல மாட்டார்கள். கடைக்குப் போகிறவரும் போயிட்டு வாரேன் என்றுதான் சொல்வார்கள், கோபித்துக்கொண்டு போகிறவர்கூட அப்படித்தான். அவளுக்கும் வாயில் அதுதான் வந்தது. அதை விழுங்கிவிட்டு, “நான் போறேம்ப்பா,” என்றாள். பிறகு, “நீயும் பாத்துப் போ,” என்றாள்.

நடந்தாள்.

வெயில் அவள் முதுகுப் பக்கம் அப்போதுதான் கிளம்பியிருந்தது. அவளுடைய நிழல் தனியாகத் தெரியவில்லை. அந்த நிழலை மூடிக்கொண்டு, சாலை அகலத்துக்கு, நீளமாக, முச்சந்தியையும் தாண்டிப் புகையின் நிழல் கிடந்தது. அவள் அதன் மேலேயே நடந்தாள். கொள்ளி வைத்த அன்று திரும்பின இடம் வந்தது. முதுகில் சூடு குறைந்தது, குறையக் குறைய ஈரச்சேலை குளிர்ந்தது. பின்னால் ஏதோ மூச்சு விடுகிற மாதிரி சத்தம் கேட்டது, புரண்டு படுக்கும்போது வருகிற மூச்சு. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அவள் இரண்டு கையாலும் தன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள், கன்னமெல்லாம் மிளகாய் எரிச்சல் எரிந்தது, கண் எரிந்தது, பிடித்த பிடியை விடாமல், மாட்டை மூக்கணாங்கயிற்றில் பிடித்துக்கொண்டு போவது போலத் தன் முகத்தைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டு வாசலைக் கடந்தாள்.

அப்போது காலடியில் கிடந்த நிழல் நகர்ந்தது. முன்னே நகர்ந்தது. அதன் அடிமுனை அவள் பாதத்தின் கீழே புகுந்து, அவளைக் கடந்து, அவளுக்கு முன்னால் போயிற்று. அவள் கால் வைத்த இடமெல்லாம் திடீரென்று வெயிலாயிற்று. நிழல் அவளைவிட வேகமாகப் போனது. முச்சந்தியில் நின்றவர்களின் காலில் ஏறி, மார்பில் ஏறி, முகங்களில் ஒரு நொடி குளிர்ச்சியாகத் தங்கி, பஸ்ஸின் மேல் ஏறி இறங்கி, ஊர்க் கூரைகளின் மேல் மேற்கே போய்விட்டது. அவள் நடந்துகொண்டே இருந்தாள். எதிரே நின்ற முகங்கள் எல்லாம் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தலைக்கு மேலே பார்த்தன. முகவாய்கள் மெல்ல மெல்ல உயர்ந்தன. எல்லாரும் நிமிர்ந்து, கழுத்து நோக அண்ணாந்து, கைகளைப் புருவத்துக்கு வைத்துக்கொண்டு, ஒரு பங்காளி தன்னையறியாமல் கைகூப்பிக்கொண்டு, உயரப் போகிற ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களில்தான் பஞ்சவர்ணம் தன் மகன் போவதைப் பார்த்தாள்.

ராக்கம்மாவின் கிட்ட வந்ததும் அவள் நின்றாள். முகத்தைப் பிடித்த கையை இன்னும் எடுக்கவில்லை.

“எப்படிப் போறான் மதினி?”

ராக்கம்மா அண்ணாந்த தலையை இறக்கவில்லை. கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

“நிமிந்துதான் போறான்,” என்றாள். “நல்லா நிமிந்து போறான்.”

பஞ்சவர்ணம் தலையை ஆட்டிக்கொண்டாள். ஊர் விலகி வழிவிட்டது. விமானம் வருகிற சத்தம் கிழக்கே கேட்டது. அவள் அதற்கும் திரும்பாமல், யாரும் நிற்காத தெருவில், வெயிலில், வீட்டைப் பார்க்க நடந்தாள்.